பியூஸ் மாற்றியதும் போன இரைச்சல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பியூஸ் மாற்றினால் பாட்டு நன்றாகக் கேட்கும் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் வீட்டு முன்னறையில் நான்கு ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஆட்டி, "ஆகா" என்று சொன்னபோதும் நான் மட்டும் இல்லை என்றுதான் சொன்னேன். அதற்காக நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். இருந்தாலும் சொன்னது சொன்னதுதான்.

பியூஸ் என்றால் பெரிய சமாசாரம் ஒன்றுமில்லை. நம் ஊர் மூன்று கால் பிளக்கைத் திருகிக் கழற்றினால் உள்ளே சின்னதாக ஒரு குழாய் படுத்திருக்கும். அதற்குள் மெல்லிய கம்பி. மின்சாரம் எக்குத்தப்பாகப் பாய்ந்தால் கம்பி உருகி அறுந்துபோகும், சாமான் பிழைத்துக்கொள்ளும். பாட்டுப் பெட்டியின் முதுகிலும் இதேபோல ஒன்று உண்டு. நேரம் வந்தால் செத்துப்போவதைத் தவிர அதற்கு வேறு உத்தியோகம் கிடையாது. எந்த ஹார்ட்வேர் கடையிலும் மளிகைச் சாமான் மாதிரி பொட்டலம் கட்டித் தருவார்கள்.

என் வீட்டுக்காரர் வாங்கியது அந்த ரகம் இல்லை. அது கருநீல வெல்வெட் பையில் வந்தது. என் கல்யாண மோதிரமே வெறும் பிளாஸ்டிக் டப்பாவில்தான் வந்தது. உள்ளே வெள்ளிக் கம்பியாம். குழாயின் மேல் ஓர் அம்புக்குறி வேறு, மின்சாரம் எந்தத் திசையில் போக வேண்டும் என்று அதற்கு வழி காட்ட. வீட்டு மின்சாரம் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருப்பது என்று பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகம் எனக்கு இருந்தது. கேட்டேன். அது வேறு, இது வேறு என்றார். விலையை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் வெட்கப்பட வேண்டியவள் நான்தான்.

அவருடைய கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். மீசை முளைத்த கையோடு தோட்டத்து ரப்பர் பாக்டரியில் சேர்ந்தார். பால் உறைந்த கட்டிகளை இரும்பு உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்குகிற இடம் அது. அங்கே வேலை செய்தவர்கள் பக்கத்தில் நிற்பவரோடும் கைச் சாடையில்தான் பேசுவார்கள். பிறகு தோட்டத்தை விற்றார்கள், பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள், நாங்கள் ஈப்போவுக்கு வந்து குனோங் ராபாட்டில் வீடு எடுத்தோம். அவருக்குக் கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் கம்ப்ரசர் ரூமில் வேலை. அங்கே காதில் செருகிக்கொள்ள ஆரஞ்சு நிறத்தில் மெத்தென்று ஒரு தக்கை கொடுப்பார்கள். எப்படிச் செருகுவது, எதற்குச் செருகுவது என்று யாரும் உட்காரவைத்துச் சொன்னதில்லை. இவர் அவற்றைச் சட்டைப்பையில் சேர்த்துக்கொண்டு வந்து, காம்பாரில் ஈயம் எடுத்த குட்டைகளுக்கு மீன் பிடிக்கப் போகும்போது தூண்டிலில் மிதவையாகக் கட்டினார். நல்ல மிதவை என்று கூட்டாளிகளும் கேட்டு வாங்கிப் போனார்கள்.

அந்தக் கூட்டாளிகள்தான் சனிக்கிழமை மத்தியானக் கச்சேரிக்கு வருகிறவர்கள். ஒருவர் லாரி ஓட்டி ஓய்ந்த அண்ணன். இன்னொருவர் மின்சாமான் கடை வைத்திருந்து இப்போது மூடிவிட்ட சீன முதலாளி, தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். தோட்டத்துக்காரர்களிடம் வியாபாரம் செய்தே தமிழ் கற்றுக்கொண்ட மனிதர். மூன்றாமவர் கம்ப்ரசர் ரூமில் இவரோடு வேலை பார்த்தவர், அதிகம் பேச மாட்டார். ஒவ்வொரு வாரமும் யாராவது ஒருவர் வீட்டில் பாட்டுக் கேட்கக் கூடுவார்கள். கூடினால் முதல் வேலை மின்விசிறியை நிறுத்துவது. அடுத்தது ஐஸ்பெட்டியை நிறுத்துவது. அவற்றின் மோட்டார் பாட்டைக் கெடுக்குமாம். எங்கள் வீட்டுக் கச்சேரி நாளில் நான் மீன் வாங்குவதையே விட்டுவிட்டேன்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. யார் புதுச் சாமான் வாங்கினாலும் முதல் நாள் குறை சொல்லக் கூடாது. பிள்ளை பார்க்கப் போன வீட்டில் பிள்ளை கறுப்பு என்று யாராவது சொல்வார்களா, அதுமாதிரி. யாரும் எழுதிவைத்த சட்டம் இல்லை. ஆனால் ஒருவரும் மீறி நான் பார்த்ததில்லை.

பியூஸ் வந்த சனிக்கிழமை இவர் ஒரு கேசட்டை எடுத்தார். தோட்டத்துச் சிற்றாலயத்தில் கிறிஸ்துமஸுக்குப் பாடியதை இவரே பதிவு செய்தது. அதில் நானும் பாடியிருக்கிறேன். எங்களுக்குக் கல்யாணம் பேசுவதற்கு முந்திய வருஷம். அந்தக் கேசட்டில் இரைச்சல் அதிகம், பாட்டுக்குப் பின்னால் விடாமல் 'ஸ்ஸ்' என்று ஓடிக்கொண்டிருக்கும். அது பிடிக்காமல் பல வருஷமாக அதை அவர் தொடவே இல்லை. புதுப் பியூஸுக்கு இதுதான் சரியான பரீட்சை என்று போட்டார்.

நான் குசினியில் வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பீசாங் கோரேங் பொரித்து எடுத்துக்கொண்டு, தேநீரோடு முன்னறைக்கு வந்தேன். நான்கு பேரும் கண்ணை மூடியிருந்தார்கள்.

"கேட்டீங்களா?" என்றார் இவர், மெதுவாக, ஆலயத்தில் பேசுகிற குரலில். "எங்க போச்சு அந்த இரைச்சல்?"

"சுத்தமா இல்ல லா!" என்றார் லாரி அண்ணன். "தொடச்சு விட்ட மாதிரி இருக்கு."

"வேற மாரி லா, ரொம்ப கிளியர்," என்றார் தவுக்கே. மூன்றாமவர் தலையை ஆட்டினார்.

நான் தட்டோடு நின்றேன். இரைச்சல் கேட்டது. முன்பு எப்படி இருந்ததோ அப்படியே, மழைத் தூறல் தகரத்தில் விழுவது போல, முன்னறை முழுக்கக் கேட்டது.

"இரைச்சல் இருக்கே," என்றேன். "ஸ்ஸ்ஸுன்னு கேக்குது."

லாரி அண்ணன் கண்ணைத் திறந்து சிரித்தார். "தங்கச்சி, அது நீங்க குசினியில எண்ணெய் காய வச்சிருக்கீங்க பாருங்க, அந்தச் சத்தம்."

"அடுப்ப அணைச்சுட்டுத்தான் வந்தேன் அண்ணே."

"இதுக்கெல்லாம் பழக்கப்பட்ட காது வேணும்," என்றார் என் வீட்டுக்காரர். அவர் என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை, பாட்டுப் பெட்டியைப் பார்த்துச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் ஈப்போ டவுனில் ஒரு கிளினிக்கில் முன்மேசையில் இருக்கிறவள். நாளெல்லாம் மூன்று பாஷையில் பேர் கூப்பிட்டு, முனகலையும் இருமலையும் தாண்டி டாக்டர் உள்ளே என்ன சொல்கிறார் என்று கேட்டு வேலை செய்கிறவள். ஆலயப் பாடகர் குழுவில் இன்றைக்கும் மேல் சுரத்தில் நிற்கிறவள். என் காதுக்கு என்ன குறை? "பழைய பியூஸ மாட்டி இதே பாட்டைப் போடுங்க, பார்ப்போம்," என்றேன். புதுப் பியூஸ் மின்சாரத்தில் ஊற வேண்டும், அதற்குள் கழற்றக் கூடாது என்றார். ஊறுகாயா அது? மின்சாரம் எங்கிருந்தோ காட்டையும் மேட்டையும் தாண்டி வருகிறது, எங்கள் சந்து மூலையில் காக்கை உட்காருகிற கம்பத்தில் ஏறி இறங்குகிறது, பல்லி குடும்பம் நடத்துகிற மீட்டர் பெட்டிக்குள் புகுந்து வருகிறது. இத்தனை தூரம் கண்ட கம்பியிலும் ஓடி வந்துவிட்டு, கடைசியில் சுண்டுவிரல் நீளத்துக்கு வெள்ளியில் ஓடினால் அதற்குப் புத்தி வந்துவிடுமா? இதையெல்லாம் அன்றைக்கே அந்த நான்கு பேர் முன்னாலும் கேட்டேன். தேநீர் ஆறிப்போனதுதான் மிச்சம்.

அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். ஆண்களுக்கு ஒரு விளையாட்டுச் சாமான் வேண்டும், சிலருக்கு மீன்தூண்டில், சிலருக்கு மோட்டர் சைக்கிள். ஆனால் இவர் ஆலயத்து ஆம்ப்ளிபயருக்கும் அதே பியூஸ் போட வேண்டும் என்று சபைக் கமிட்டியிடம் பேசப் போவதாகச் சொன்னார்.

எங்கள் ஆலயத்தில் சவுண்டு மேசை இவர் கையில். பிரசங்க மைக், பாடகர் குழு மைக், கீபோர்டு, எல்லாம் அந்த மேசை வழியாகத்தான் போகும். ஞாயிறு காலையில் மற்றவர்கள் பசியாறிக்கொண்டிருக்கும்போது இவர் போய் ஒயரைச் சரிபார்த்துக்கொண்டிருப்பார். வேலை ஓய்ந்த பிறகு அந்த மேசைதான் அவருக்கு உயிர். கொஞ்ச நாளாக அங்கே முணுமுணுப்பு. சத்தம் காதைக் குத்துகிறது, பிள்ளைகள் அழுகிறார்கள், ஒரு பாட்டியம்மா மைக் போட்டதும் முந்தானையால் காதை மூடிக்கொள்கிறார் என்று. இவரோ சத்தம் மங்கலாக இருக்கிறது என்று ட்ரெபிள் திருகியை மேலே மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். ஆலயத்தில் மின்சாரம் அசுத்தம், பியூஸ் மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அவர் கட்சி.

வீட்டிலும் ஒரு புகார் ஓடிக்கொண்டிருந்தது, அது என்மேல். "என்னா நீ, வாய்க்குள்ளேயே பேசுற? தெளிவா பேசு லா." நான் தெளிவாகத்தான் பேசினேன். அதையே மறுபடி சத்தமாகச் சொன்னால், "ஏன் சண்டைக்கு வர்ற?" என்பார். இரண்டும் ஒரே வாயால்.

பிறகு ஒரு சாயங்காலம். தவுக்கே எதையோ திருப்பிக் கொடுக்க வந்து, வாசலில் காடி நிறுத்துகிற இடத்தில் நாற்காலி போட்டு இவரோடு உட்கார்ந்திருந்தார். எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் சுண்ணாம்புக் கல் மலை, கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல நிற்கும். இவர் மலையைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

"முன்னெல்லாம் இந்நேரத்துக்குச் சில்வண்டு கத்தும் தவுக்கே. பேசவே முடியாது. மலைய வெட்டி வெட்டித் தின்னுட்டானுங்க. இப்ப ஒரு வண்டு கெடையாது."

"யா லா. எல்லாம் போச்சு," என்றார் தவுக்கே.

நான் கோப்பியோடு கதவருகே நின்றிருந்தேன். மலை முழுக்கச் சில்வண்டு கத்திக்கொண்டிருந்தது. லேசாக இல்லை. ரம்பம் போட்டு அறுக்கிற மாதிரி, ஒன்று நிறுத்த ஒன்று தொடங்கி, அந்த இரண்டு பேரின் தலைக்கு மேல் கத்திக்கொண்டிருந்தது. அவர்கள் இருவரும் அந்தச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து, மலை செத்துவிட்டது என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த நிமிஷத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. கேசட்டின் இரைச்சல், ட்ரெபிள் திருகி, வாய்க்குள் பேசுகிறேன் என்ற புகார், எல்லாம். பியூஸ் எந்த இரைச்சலையும் எடுக்கவில்லை. இரைச்சல் எப்போதோ அவர் காதைவிட்டுப் போய்விட்டது. பல வருஷம் அந்தக் கேசட்டைப் போடாததால் அவருக்கு அது தெரியவில்லை. புதுப் பியூஸ் போட்ட அன்று போட்டார், இரைச்சலைக் காணோம், பியூஸுக்குப் பேர் வந்துவிட்டது. மற்ற மூன்று பேரும்? கம்ப்ரசர், லாரி எஞ்சின், கடையில் சோதித்துப் பார்த்த ஒலிபெருக்கி. நான்கு பேர் காதும் ஒரே மாதிரிதான் தேய்ந்திருந்தது. அதனால்தான் நான்கு பேரும் ஒரே குரலில் சத்தியம் செய்தார்கள். பழக்கப்பட்ட காது!

தவுக்கே போனதும் சொன்னேன். "சில்வண்டு கத்துதுங்க. இப்பவும் கத்துது."

"எங்க?"

"எல்லா எடத்துலயும்."

அவர் காதைக் கொடுத்துக் கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "ஒனக்கு எப்பப் பார்த்தாலும் நான் சொல்றதுக்கு எதிரா சொல்லணும்," என்றார்.

"உங்க காத ஒருதரம் காட்டிப் பார்ப்போம்."

நான் அவரை அடித்திருந்தால்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார். "என் காதையா? ஊருக்கே சவுண்டு பாக்குறவன் நான்." உள்ளே போய்ப் பாட்டைப் போட்டுக்கொண்டார். அன்றைக்கு அவர் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. நான் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும், அதனால் நான் இறங்கிப் போக வேண்டிய அவசியமில்லை. ஆனால் உள்ளுக்குள் பயமாக இருந்தது. இந்த மனிதர் தன் காதைக் காட்ட மறுத்துக்கொண்டே இருந்தால் அந்த மேசையை அவரிடமிருந்து பிடுங்கிவிடுவார்கள். பிடுங்கினால் அவர் மறுபடி ஆலயத்துக்கே வர மாட்டார். எனக்கு அவரைத் தெரியும்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்கு நடுவே மைக் கூவியது. ஊசி மாதிரி நீளமாக, நிற்காமல். போதகர் கண்ணைத் திறந்துவிட்டார். சபை முழுக்கத் திரும்பிச் சவுண்டு மேசையைப் பார்த்தது. இவர் தலை குனிந்து, கண்ணை மூடி, மிகுந்த பக்தியோடு ஜெபம் செய்துகொண்டிருந்தார். நான் பாடகர் வரிசையிலிருந்து இறங்கி, நடுப்பாதையில் எல்லோரும் பார்க்க நடந்து போய், அந்தத் திருகியை என் கையால் இறக்கினேன். கூவல் நின்றது. அவர் கண்ணைத் திறந்து, நான் ஏன் அங்கே நிற்கிறேன் என்று விளங்காமல் பார்த்தார்.

ஆராதனை முடிந்து தேநீர் கொடுக்கிற இடத்தில் கமிட்டிப் பெரியவர் ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அண்ணனுக்கும் வயசாச்சு. நீங்களே கொஞ்சம் பக்குவமா எடுத்துச் சொல்லி, கௌரவமா விலகிக்கச் சொன்னா நல்லா இருக்கும்," என்றார்.

"நான் சொல்ல மாட்டேன்," என்றேன். "அவர எறக்கணும்னா அவர் மொகத்தப் பார்த்து நீங்க சொல்லுங்க. என்னைய வச்சு வேலை பார்க்காதீங்க. அப்புறம், அவர் போயிட்டா அந்த ஒயரெல்லாம் எங்க போகுதுன்னு ஒங்க கமிட்டில ஒருத்தருக்காவது தெரியுமா?"

நான் திரும்பி வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் வேறு வழியில் பிடித்தேன். காது சோதிக்க வா என்றால் வர மாட்டார். சண்டைக்கு வா என்றால் வருவார். "சரி, நீங்க சொல்றபடியே வச்சுக்குவோம்," என்றேன். "என் காதுதான் சரியில்ல. இல்லாத இரைச்சல் எனக்குக் கேக்குது. ரெண்டு பேரும் போயி டெஸ்ட் எடுப்போம். என் காதுல கோளாறுன்னா, ஒங்க கூட்டாளிங்க முன்னால நானே 'ஆகா'ன்னு சொல்றேன். ஆலயத்துக்குப் பியூஸ் கேட்டுக் கமிட்டியில பேசுறதும் நான்தான்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"போலாம்," என்றார். சட்டையை மாற்றவே எழுந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை, மூடியிருப்பார்கள் என்று நான்தான் உட்காரவைத்தேன்.

காது சோதிக்கிற இடத்தில் கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை. உள்ளே உட்கார்ந்து காதுக்குக் கருவி மாட்டிக்கொள்ள வேண்டும், கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். முதலில் நான் போனேன். பிறகு அவர். சோதிக்கிற பெண், என் மகள் வயது இருக்கும், வெளியே கருவியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் அவளுக்குப் பின்னால் நாற்காலியில். கண்ணாடி வழியாக அவரைப் பார்க்க முடிந்தது.

ஆரம்பத்தில் கட்டைவிரல் சுறுசுறுப்பாக அழுத்தியது. என்னைப் பார்த்துச் சின்னதாகச் சிரிக்கக்கூடச் செய்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார், சனிக்கிழமை மத்தியானங்களில் மூடுவாரே, அதேபோல. தலையைக் கொஞ்சம் சாய்த்து, நெற்றியைச் சுருக்கி, வருகிற எதையும் தவறவிடக் கூடாது என்று கவனமாக. அந்தப் பெண் திருகியைத் திருப்பினாள். கட்டைவிரல் அசையவில்லை. இன்னும் சத்தம் கூட்டினாள். அசையவில்லை. அவர் காத்துக்கொண்டிருந்தார். எதுவும் வரவில்லை என்று நினைத்து, அவ்வளவு பொறுமையாக, அவ்வளவு நம்பிக்கையாகக் காத்துக்கொண்டிருந்தார்.

ஜெயிப்பதற்காகத்தான் அவரைக் கூட்டிப் போனேன். ஜெயித்தது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து எனக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. இரும்பு உருளைமேல் ஆத்திரம், கம்ப்ரசர்மேல் ஆத்திரம், தக்கையைக் கையில் கொடுத்துவிட்டு ஒரு வார்த்தை விளக்காமல் போனவர்கள்மேல் ஆத்திரம். ஆயுசு முழுக்கச் சத்தத்துக்கு நடுவே உழைத்த மனிதர் வீட்டுக்கு வந்து ஆசைப்பட்டது நல்ல சத்தம் ஒன்றுக்குத்தான். அதையும் எடுத்துக்கொண்டு, பதிலுக்கு வெல்வெட் பையில் ஒரு பியூஸை விற்றிருக்கிறார்கள்.

அந்தப் பெண் தாளில் இரண்டு கோடுகளைக் காட்டினாள். என் கோடு ஏறக்குறைய நேராகப் போய்க் கடைசியில் கொஞ்சம் தாழ்ந்தது. அவருடையது பாதி வழியில் சறுக்கி விழுந்திருந்தது. அவர் தாளை நெடுநேரம் பார்த்தார்.

காடியில் திரும்பி வந்தோம். குனோங் ராபாட் சிக்னலில் நின்றோம். முன்கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டார்.

"அப்ப, அந்தச் சில்வண்டு?"

"கத்துது."

"தெனமுமா?"

"தெனமுந்தான்."

பச்சை விழுந்து பின்னால் ஆரன் அடித்தார்கள். அது அவருக்குக் கேட்டது. வண்டியை எடுத்தார்.

காதுக் கருவி வந்ததும் எல்லாம் சுபமாக முடிந்தது என்று நினைத்துவிட வேண்டாம். முதல் நாள் தட்டுக் கழுவுகிற சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டார். கருவி கீச்சிட்டது என்று கழற்றி எறிந்தார். "ஏன் இப்படிக் கத்துற?" என்று என்னையே கேட்டார். வாய்க்குள் பேசுகிறேன் என்று பேர் வாங்கி, அதனால் கத்திப் பழகி, இப்போது கத்துகிறேன் என்று பேர் வாங்குகிறேன். ஆனாலும் அன்று சாயங்காலம் வாசல் கேட்டைப் பூட்டப் போனவர் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு மலையைப் பார்த்து நின்றார். நான் கூப்பிடவில்லை. வெளிச்சம் மங்கிய பிறகுதான் உள்ளே வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவரே போதகரிடமும் கமிட்டியிடமும் போய்க் காதைக் காட்டி, இதுதான் விஷயம் என்று சொல்லிவிட்டு, மேசைக்குப் போய் ட்ரெபிளை இறக்கினார். மேசையை விட்டு எழுந்திரு என்று அவர் முகத்தைப் பார்த்து ஒருவரும் சொல்லவில்லை. பாட்டியம்மாவின் முந்தானை தோளிலேயே இருந்தது.

அதற்கு அடுத்த சனிக்கிழமை கச்சேரி எங்கள் வீட்டில். மின்விசிறி நின்றது, ஐஸ்பெட்டி நின்றது. நான் அன்றைக்கு எதையும் பொரிக்கவில்லை. முன்னறையில் அவர்களோடு ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். இவர் அதே கேசட்டைப் போட்டார். அதே பியூஸ்தான். அதை யாரும் கழற்றவில்லை, இன்றும் பிளக்குக்குள்தான் இருக்கிறது, பாவம், அது என்ன செய்யும்.

பாட்டு தொடங்கும் முன்பே அவர் முகம் மாறியது. கை தானாகப் பெட்டியின் பின்பக்கம் போனது, பிளக்கைத் தொட்டது, நின்றது. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இரைச்சல் இருக்கு," என்றார்.

"எங்க இருக்கு? ஒண்ணும் இல்லயே," என்றார் லாரி அண்ணன்.

"கிளியர் லா," என்றார் தவுக்கே.

"இருக்கு லா. ஸ்ஸ்ஸுன்னு நல்லா கேக்குது. மொதல்லருந்தே இருந்திருக்கு. பியூஸாவது ஒண்ணாவது."

லாரி அண்ணன் சிரித்தார். "மச்சான், ஒனக்கும் தங்கச்சி காது ஒட்டிக்கிச்சா? குசினியில எண்ணெய் காயுதுப்பா."

"குசினியில ஒண்ணும் காயல," என்றார் என் வீட்டுக்காரர். "அவ இங்கதான் ஒக்காந்திருக்கா."

யாரும் சிரிக்கவில்லை. இரைச்சலோடு இரைச்சலாகப் பாட்டு ஓடியது. மேல் சுரம் வருகிற இடத்தில் அவர் தலையைச் சாய்த்து, "இது நீதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மத்தியானம் முழுக்க எல்லோரும் தேநீருக்காகக் குசினிப் பக்கம் பார்த்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை.